நாளைக்கு எத்தனை மணிக்கு?

கென்யாவின் மேற்கு ஓரத்தில், உகாண்டா எல்லையை ஒட்டி பூசியா என்றொரு மாவட்டம் இருக்கிறது. சிறு விவசாயிகள் நிறைந்த பகுதி; பெரும்பாலும் மக்காச்சோளம் போடுவார்கள். எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் க்ரெமர், ஜொனாதன் ராபின்சன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் அங்கே சில ஆண்டுகள் உரத்தைப் பற்றி ஆராய்ந்தார்கள். விவசாயியின் சொந்த நிலத்திலேயே ஒரு துண்டுக்கு மேலுரம் போட்டு, பக்கத்துத் துண்டைச் சும்மா விட்டு, அறுவடையில் இரண்டையும் எடை போட்டுக் காட்டினார்கள். செடிக்கு அரைத் தேக்கரண்டி உரம் போட்டாலே போட்ட காசு லாபத்தோடு திரும்பி வருகிறது என்பதை விவசாயிகள் கண்ணாரப் பார்த்தார்கள். பிறகு அவர்களிடம், “அடுத்த போகத்துக்கு உரம் போடுவீர்களா?” என்று கேட்டார்கள். 97.7 சதவீதம் பேர் போடுவோம் என்றார்கள். அடுத்த போகம் வந்தது. போட்டவர்கள் 36.8 சதவீதம்.

நூற்றுக்கு அறுபது பேர் பொய் சொல்லிவிட்டார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. சொன்ன அன்றைக்கு அது உண்மைதான். அறுவடை முடிந்த கையோடு காசு இருந்தது, உரம் வாங்கும் எண்ணமும் இருந்தது. ஆனால் உரம் தேவைப்படும் நாளோ இன்னும் வெகுதூரத்தில். அதுவரை கையில் உள்ள காசு கையிலேயே இருக்க வேண்டுமே! ஏழை வீட்டில் காசுக்கு வழி கேட்டு ஆயிரம் செலவுகள் வாசலில் நிற்கும். ஆய்வாளர்கள் செய்தது சின்ன வேலை. அறுவடை முடிந்த உடனேயே ஒருவர் வீடு தேடிப் போய், உரத்துக்கான சீட்டை முழு விலைக்கு விற்றார். உரம் தேவைப்படும்போது வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும், அதற்குக் கூலி கிடையாது. அவ்வளவுதான். உரம் போட்டவர்களின் எண்ணிக்கை, இந்த ஏற்பாடு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், 47 முதல் 70 சதவீதம் வரை கூடியது. இன்னொரு பகுதியினருக்கு உரம் போடும் பருவத்தில் பாதி விலைக்கே உரம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் ஏறக்குறைய இதே பலன்தான். பாதி விலையை மானியமாகக் கொட்டிச் சாதிக்க வேண்டியதை, விற்கும் நாளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தியே சாதித்துவிட்டார்கள்.

நம் ஊரில் இதுபோன்ற விஷயத்துக்கு எப்போதும் கையில் தயாராக ஒரு விளக்கம் இருக்கும்: மனவுறுதி இல்லை. நடைப்பயிற்சி போகாதவருக்கும், சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டவருக்கும், உயில் எழுதுவதைப் பத்து வருஷமாகத் தள்ளிப்போடுபவருக்கும் இதே மருந்துதான். மனசு வைத்தால் முடியாதது உண்டா என்று புத்தகக் கண்காட்சியில் ஒரு வரிசை முழுக்கப் புத்தகங்கள் அடுக்கியிருக்கிறார்கள். மனசு வைப்பது அவசியம்தான். ஆனால் கடந்த அறுபது வருட ஆய்வுகளைப் படிப்பவருக்குத் தோன்றுவது வேறு. பெரும்பாலோர் மனசு வைத்துவிட்டவர்கள். அவர்களுடைய நல்ல எண்ணம், பேசி முடித்துவிட்டுத் தேதி குறிக்காத கல்யாணம் மாதிரி நிற்கிறது.

எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலான இந்த இடைவெளியை அளந்தவர்களில் உளவியலாளர் பாஸ்கல் ஷீரன் முக்கியமானவர். உடற்பயிற்சி, ஆணுறை, புற்றுநோய்ப் பரிசோதனை என்று பலதரப்பட்ட பழக்கங்களைப் பற்றி வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ‘செய்வேன்’ என்று உறுதியாகச் சொன்னவர்களில் 47 சதவீதம் பேர் செய்யவில்லை என்று 2002-இல் எழுதினார். ‘செய்ய மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் பிறகு செய்தவர்கள் மிகக் குறைவு. ஆக எண்ணம் இல்லாமல் செயல் பெரும்பாலும் பிறப்பதில்லை. ஆனால் எண்ணம் இருந்தும் பாதிப்பேரிடம் செயல் பிறக்கவில்லை. 2006-இல் அவரும் தாமஸ் வெப்பும் இன்னொரு கணக்குப் போட்டார்கள். பிரசாரத்தாலோ ஆலோசனையாலோ ஒருவரின் எண்ணத்தை நன்றாகவே மாற்றிவிடலாம், ஆனால் அவரது நடத்தை அதில் பாதி அளவுதான் மாறுகிறது. விழிப்புணர்வுப் பேரணி, சுவரொட்டி, உறுதிமொழி ஏற்பு என்று செலவழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை பழையது. 1965-இல் வெளிவந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ஹவர்ட் லெவந்தாலும் அவருடன் இருந்தவர்களும் இறுதியாண்டு மாணவர்களிடம் டெட்டனஸ் நோயைப் பற்றி ஒரு சிறு புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கிடைத்தது பயமுறுத்தும் பதிப்பு: நோயாளிகளின் வண்ணப் படங்கள், வலிப்பு, தொண்டையில் குழாய். மற்றவர்களுக்கு அதே தகவல் சாதுவான மொழியில். பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் தடுப்பூசி இலவசம் என்று இரண்டு தரப்புக்கும் சொல்லப்பட்டது. பயமுறுத்தும் பதிப்பைப் படித்தவர்கள் உண்மையிலேயே பயந்தார்கள். ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அவர்களிடம்தான் வலுவாக இருந்தது. ஆனால் போய் ஊசி போட்டுக்கொள்வதில் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசத்தைக் கொண்டுவந்தது வேறொன்று. பயந்தவர்களிலும் சரி, பயப்படாதவர்களிலும் சரி, ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரைபடம் கொடுக்கப்பட்டது. பல்கலைக்கழக வளாகத்தின் படம். அதில் மருத்துவ நிலையம் வட்டமிட்டுக் காட்டப்பட்டிருந்தது. உங்கள் இந்த வார வகுப்பு அட்டவணையைப் பாருங்கள், ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகும்போது எந்த நாள், எந்த நேரம் இந்தக் கட்டடப் பக்கமாக வருவீர்கள் என்று பாருங்கள் என்றார்கள். வரைபடம் இல்லாதவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம். வரைபடம் கிடைத்தவர்களில் 28 சதவீதம். படித்து முடிக்கப்போகிற இறுதியாண்டு மாணவர்கள் இவர்கள், மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்! தெரியாத தகவல் எதையும் அந்தப் படம் தரவில்லை. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கும் ஊசிக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தது, அவ்வளவே.

இதில் இன்னொரு பகுதியும் உண்டு, பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நோயைப் பற்றி எதுவும் சொல்லாமல் வரைபடத்தையும் திட்டத்தையும் மட்டும் கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஊசிக்குப் போகவில்லை. எதற்காக என்பது கொஞ்சமாவது மனதில் இருக்க வேண்டும். ஆனால் அது கொஞ்சம் இருந்தாலே போதும். அதற்குமேல் பயத்தை ஏற்றிக்கொண்டே போவதால் லாபமில்லை. சிகரெட் பெட்டியின் மேல் இன்னும் கோரமான படத்தைப் போடலாமா என்று விவாதிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வளாக வரைபடம்தான் நினைவுக்கு வருகிறது.

லெவந்தாலின் முடிச்சுக்கு ஒரு கோட்பாட்டைக் கட்டியவர் ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். ‘நான் இதைச் செய்ய நினைக்கிறேன்’ என்பது ஒரு வகை எண்ணம். ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில், இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்பது வேறு வகை எண்ணம் என்று அவர் 1990-களில் பிரித்துக் காட்டினார். வசதிக்காக இரண்டாவதை ‘நடந்ததும் செய்வேன்’ திட்டம் என்று வைத்துக்கொள்வோம். 1997-இல் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஒரு சோதனையில், மியூனிக் மாணவர்களிடம், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். விடுமுறை, வீடு நிறைய உறவினர், மேசை நிறையச் சாப்பாடு. யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? பாதிப்பேரிடம் மட்டும், எங்கே உட்கார்ந்து எப்போது எழுதுவீர்கள் என்று முன்கூட்டியே குறித்து வாங்கிக்கொண்டார்கள். குறித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் எழுதி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒருவர்தான். கோல்விட்சரும் ஷீரனும் 2006-இல் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உளவியலில் எளிதில் கிடைக்காத அளவுக்குப் பெரிய பலன் தெரிந்தது.

மூளை இங்கே என்ன செய்கிறது? செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருவது தனித் திறன். நடந்ததை நினைவுகூர்வதிலிருந்து அது வேறு. ராஜராஜன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்று யாராவது கேட்டால் நினைவுக்கு வரும், கேள்வியே தூண்டில். ஆனால் திரும்பி வரும்போது ரேஷன் கடையில் நிற்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. வேறு ஏதோ யோசித்துக்கொண்டு வண்டி ஓட்டும்போது அது தானாக எழுந்து வர வேண்டும். உளவியலாளர்கள் கைல்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் 1990 முதல் இந்த நினைவை ஆராய்ந்து, அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று மணியைப் பார்த்துச் செய்ய வேண்டியது. இன்னொன்று ஏதாவது நடந்தால் செய்ய வேண்டியது. முதலாவதுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது, ஏனென்றால் மணியை நாமே நினைத்து நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதில், நடக்கும் நிகழ்ச்சியே தோளைத் தட்டுகிறது. நம் மருத்துவர்கள் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதுவது மருந்து சரியாக வேலை செய்வதற்காக என்றாலும், அதில் இந்த நினைவூட்டலும் சேர்ந்தே வருகிறது. சாப்பிடாமல் யாரும் இருக்கப்போவதில்லை. ‘1-0-1’ என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு அந்த அனுகூலம் இல்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி சேதமானவர்களிடம் ஒரு விசித்திரமான குறை தெரியும். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். ஆனால் செய்ய மாட்டார்கள். கட்டளை நினைவில் இருக்கிறது, கையில் இறங்கவில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் டங்கன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கும் ‘இந்த எண் திரையில் வந்ததும் பொத்தானை அழுத்துவேன்’ என்று குறிப்பாகச் சொல்லிப் பழக்கினால் அது வேலை செய்கிறது என்று லெங்ஃபெல்டரும் கோல்விட்சரும் 2001-இல் காட்டினார்கள். நோயில்லாதவர்களுக்குக் கிடைத்த பலன் இவர்களுக்கும் கிடைத்தது. அதாவது திட்டத்தைக் குறிப்பாகப் போட்டுவிட்டால், யோசித்து முடிவெடுக்கும் பாரம் மூளையிலிருந்து இறங்கி, கண்ணில் படும் சூழலுக்குப் போய்விடுகிறது. களைப்பும் கவலையும் மண்டையை நிறைத்திருக்கும் சாதாரண மனிதனுக்கு இது நல்ல செய்தி.

சரி, இதை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். ‘நாளையிலிருந்து வாக்கிங் போகணும்’ என்பது எண்ணம். ‘காலை ஐந்தரைக்கு’ என்பது கொஞ்சம் மேல், ஆனால் அதற்கு அலாரம் வேண்டும், அலாரத்தை அணைக்கும் கை வேண்டாம். ‘பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்ததும், பாலை அடுப்படியில் வைத்துவிட்டு, செருப்பு மாட்டாமல் ஷூ மாட்டுவேன்’ என்பதுதான் திட்டம். ஷூ எங்கே? பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் என்றால் நடக்காது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், சாக்ஸ் உள்ளே திணித்தபடி இருக்க வேண்டும். மழை பெய்தால்? மொட்டை மாடி, அல்லது படிக்கட்டு. மருமகள் அதே நேரத்தில் காபி கேட்டால்? அதற்கும் இன்றைக்கே பதில் தெரிந்திருக்க வேண்டும். தடை எது என்பது நமக்கு முன்பே தெரியும், நாம் அதை யோசிக்க விரும்புவதில்லை என்பதுதான் விஷயம். இரண்டு வாக்கியம், கொஞ்சம் பொருள் நகர்த்தல், முடிந்தது. பார்க்க அற்பமாக இருப்பதால்தான் பலரும் இதைச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். பெரிய சங்கல்பத்தில் இருக்கும் கம்பீரம் இதில் இல்லை.

இத்தோடு நிறுத்திவிட்டால் நானும் அந்தப் புத்தகக் கண்காட்சி வரிசையில் சேர்ந்துவிடுவேன். இந்த முறை தோற்ற இடங்களும் உண்டு. உடற்பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். 2002-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், எங்கே எப்போது என்று எழுதிவைத்த மாணவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். மாரடைப்பு அபாயம் பற்றிப் படித்தும் திட்டம் எழுதாதவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் குறைவு. மேடைப் பேச்சாளர்கள் இந்த 91-ஐத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். ஆனால் செய்தோமா இல்லையா என்று சொன்னவர்கள் அந்த மாணவர்களேதான். 2018-இல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் 877 உறுப்பினர்களை எடுத்துக்கொண்டு, பாதிப்பேரை நாளும் நேரமும் குறிக்க வைத்து, நுழைவாயிலில் அட்டை தேய்த்த பதிவை எண்ணிப் பார்த்தார்கள். திட்டத்தால் வருகை கூடவே இல்லை.

காரணம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் போட்டுக்கொண்டு வரும் ஊசி வேறு, வாரத்துக்கு மூன்று நாள் வியர்வை சிந்துவது வேறு. மறந்துபோனதால் நின்றுபோன செயலுக்குத் திட்டம் கைகொடுக்கும். பிடிக்காததால் நின்றுபோன செயலுக்கு அது பெரிதாக உதவாது. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு, இலவச ஃப்ளூ தடுப்பூசி முகாம் பற்றி அஞ்சலில் நோட்டீஸ் போனது. கேத்தரின் மில்க்மன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு இது. முகாமின் நாளும் நேரமும் எல்லா நோட்டீஸிலும் அச்சாகியிருந்தது. ஒரு வகை நோட்டீஸில் மட்டும், ‘நான் வரப்போகும் நாள், மணி’ என்று எழுதிக்கொள்ளக் காலி இடம் விட்டிருந்தார்கள். எழுதியதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சாதாரண நோட்டீஸ் வாங்கியவர்களில் 33 சதவீதம் பேர் ஊசி போட்டார்கள். காலி இடம் உள்ளதை வாங்கியவர்களில் 37 சதவீதம். வேறொரு வகை நோட்டீஸில் நாள் மட்டும் எழுதச் சொன்னபோது உருப்படியான பலன் இல்லை. மணியையும் எழுதச் சொன்னபோதுதான் வந்தது. நூற்றுக்கு நாலு பேர் என்பது சோதனைக்கூடத்தில் கிடைத்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறியதாகத் தெரியலாம். ஆனால் செலவு ஒரு சொட்டு அச்சு மை.

யாருக்கு இது உதவும் என்பதற்கு இன்னொரு துப்பு பென்சில்வேனியாவில் கிடைத்தது. 2008-இல் அங்கே நடந்த ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கு முன், டேவிட் நிக்கர்சனும் டாட் ராஜர்ஸும் லட்சக்கணக்கான வாக்காளர்களைத் தொலைபேசி அழைப்புச் சோதனையில் சேர்த்தார்கள். சிலரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன: எத்தனை மணிக்கு ஓட்டுப்போடப் போவீர்கள், எங்கிருந்து கிளம்பிப் போவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள். அழைப்பை எடுத்துப் பேசியவர்களிடம் வாக்களிப்பு ஏறத்தாழ நாலு சதவீதப் புள்ளிகள் கூடியது. ஆனால் உள்ளே பார்த்தால், ஒரே ஓட்டு உள்ள வீடுகளில் ஒன்பது புள்ளி. பல ஓட்டு உள்ள வீடுகளில் ஒன்றுமில்லை. பலர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் “சாயங்காலம் கூட்டம் வந்துடும், காலையிலேயே போயிட்டு வந்துடலாம்” என்று சொல்லிவிடுகிறார் போலும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் பெருகிவரும் காலத்தில், “மாத்திரை போட்டீங்களாப்பா?” என்று கேட்பதைவிட “ராத்திரி மாத்திரை எதுக்கப்புறம் போடுவீங்க?” என்று கேட்பது பயனுள்ள தொலைபேசி அழைப்பு.

பட்டியல் நீண்டால் பலன் போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஏமி டால்டனும் ஸ்டீஃபன் ஸ்பில்லரும் 2012-இல் காட்டியபடி, ஒரே ஒரு காரியத்துக்குத் திட்டம் போட்டவர்கள் செய்து முடித்தார்கள். ஆறு காரியத்துக்கு விரிவாகத் திட்டம் போட்டவர்கள், இத்தனையும் எப்படி முடியும் என்று மலைத்துப்போய்ப் பின்வாங்கினார்கள். புத்தாண்டு டைரியின் முதல் பக்கத்தில் பன்னிரண்டு தீர்மானம் எழுதுபவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் அப்படித்தான். சட்ட மாணவர்களிடம் கோல்விட்சர் 2009-இல் செய்த சோதனைகளில், நல்ல வழக்கறிஞராகப் பாடுபடுவேன் என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்துவிட்டால், பிறகு அதற்கான படிப்பில் செலவிட்ட நேரம் குறைந்தது. ஸ்டேட்டஸில் போட்டு நாற்பது லைக் வாங்கியதும் பாதி வழக்கறிஞர் ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும், ஒண்ணாம் தேதி வரட்டும் என்று தள்ளிப்போடுவதை நாம் கேலி செய்கிறோம். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாரம், மாதம், ஆண்டு தொடங்கும்போதும், பிறந்தநாளுக்குப் பிறகும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் வருகிறார்கள் என்று ஹெங்சென் டாயும் மில்க்மனும் ஜேசன் ரீஸும் 2014-இல் காட்டினார்கள். இருபத்தோராவது பிறந்தநாள் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி மது வாங்கும் வயது அது. ஆக நல்ல நாள் பார்ப்பது தொடங்குவதற்கு உதவும். தொடர்வதற்கு அது போதாது. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எங்கும் சொல்கிறார்களே, அதை நம்ப வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்ற கணிப்பு. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி மெதுவாகப் படியும். நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

சில நேரம் திட்டத்தைவிட வழியைச் சுத்தம் செய்வது முக்கியம். ராஜஸ்தானில் உதய்ப்பூர் மாவட்டத்தில் குழந்தைகளுக்கான தடுப்பூசி இலவசமாகவே இருந்தது. ஆனால் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து போனால் செவிலியர் இருப்பாரா என்பது சந்தேகம். அபிஜித் பானர்ஜி, டுஃப்லோ, க்ளென்னர்ஸ்டர், கோத்தாரி ஆகியோர் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து 134 கிராமங்களில் செய்த சோதனை 2010-இல் வெளிவந்தது. எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39. பருப்பு கொடுத்ததால் செலவு கூடியிருக்கும் என்று தோன்றும். கூட்டம் பெருகியதால் ஒரு குழந்தைக்கான செலவு பாதியாகக் குறைந்தது. ஒரு கிலோ பருப்புக்காகப் பிள்ளையின் உடம்பில் அக்கறை காட்டும் தாய் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கறை எப்போதும் இருந்தது. ‘இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம்’ என்று சொல்வதை அந்தப் பருப்பு தடுத்தது.

தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் வழியும் உண்டு. பிலிப்பைன்ஸில் ஒரு கிராமப்புற வங்கி, குறித்த நாள் வரையோ குறித்த தொகை சேரும்வரையோ பணத்தை எடுக்க முடியாத கணக்கைத் தொடங்கியது. கூடுதல் வட்டி கிடையாது. கணக்குப்படி பார்த்தால் யாரும் சேரக் கூடாது. ஆனால் கேட்டவர்களில் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்த வாய்ப்புத் தரப்பட்டவர்களின் சேமிப்பு சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. நம் தெருவில் சீட்டுப் பிடிக்கும் பெண்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. உண்டியலில் போட்டால் எடுத்துவிடுவோம், வீட்டுக்காரர் கேட்டால் கொடுத்துவிடுவோம். மாதா மாதம் அஞ்சாம் தேதி சீட்டுக்காரம்மா வந்து நிற்பார், இருபது பேர் பார்ப்பார்கள், கட்டாமல் இருக்க முடியாது. மேரி கே குகெர்ட்டி 2007-இல் கென்யாவின் சீட்டுக் குழுக்களை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: தனியாகச் சேமிக்க முடியாது என்று தெரிந்தவர்களே அங்கே கூடுகிறார்கள். தன் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஏற்பாடு செய்பவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, முகாம் நடத்துபவர்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கண் சிகிச்சை முகாம், ரத்த தானம், சர்க்கரைப் பரிசோதனை எதுவானாலும் நம் நோட்டீஸ் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. மேலே தலைவர், துவக்கி வைப்பவர், முன்னிலை, வாழ்த்துரை என்று படங்கள். கீழே ‘அனைவரும் வருக, பயன்பெறுக’. எந்த அறை, எந்த பஸ் நிறுத்தம், சாப்பிட்டு வரலாமா கூடாதா, எவ்வளவு நேரம் ஆகும் என்பது எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். அடுத்த முறை படங்களில் இரண்டைக் குறையுங்கள். அந்த இடத்தில் பள்ளிக்கூட வாசலிலிருந்து முகாம் அறைக்குப் போகும் வழியை ஒரு சின்னப் படமாகப் போடுங்கள். அதற்குக் கீழே ‘நான் வரும் நாள்: ........ மணி: ........ என்னுடன் வருபவர்: ........’ என்று மூன்று கோடு விடுங்கள். நோட்டீஸ் கொடுக்கும் தொண்டரின் சட்டைப்பையில் ஒரு பேனா இருக்கட்டும். அவர் நின்று அதை எழுத வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகட்டும்.